பதுளையிலிருந்து கொரியாவுக்கு ஒரு பதில் போகும் நேரம்

தொலைத்தொடர்புக் கடை நடத்துவது என்றால், தன்னிடம் இல்லாத வேகத்தை நிமிடக் கணக்கில் விற்பது.

தொண்ணூறுகளின் கடைசியில், பதுளை பஸாரில் ஒரு புடவைக் கடைக்கு மேல் மாடியில் நான் கடை திறந்தபோது என்னிடம் ஒரு டெலிபோன், ஒரு போட்டோக்கொப்பி மெஷின், ஒரு கம்ப்யூட்டர் இருந்தன. பிறகு கம்ப்யூட்டர் மூன்றாயிற்று. லைன் மட்டும் ஒன்றுதான். அந்த ஒன்றை டவுன் ஆட்களுக்கும் தேயிலைத் தோட்டத்து ஆட்களுக்கும் பங்கு போட்டுக் கொடுத்து, இரண்டு பக்கமும் ஏச்சு வாங்கினேன். நீங்களும் இப்படி ஒரு கடை வைத்திருந்தவரா? அல்லது இப்படி ஒரு கடையின் பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்து, திரையில் மூக்கு வரைக்கும் வந்து நின்றுபோன முகத்தை முறைத்துப் பார்த்தவரா? அப்படியானால் நாம் சொந்தக்காரர்கள். உட்காருங்கள், கொட்டித் தீர்க்கிறேன்.

வாளியும் குழாயும்

முதல் வாடிக்கையாளர் சிவபாதம் ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர். பதுளைக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். சண்டை நாட்களில் ஊருக்குத் திரும்ப வழியில்லாமல் இங்கேயே தங்கிவிட்டார். ஒரே மகள் கனடாவில். சட்டைக் கையை முழங்கை வரைக்கும் ஒழுங்காக மடித்துக்கொண்டு வாரத்தில் மூன்று நாள் வருவார். நான் இன்டர்நெட்டைக் கூப்பிடுவேன். மோடம் கிரீச்சிடும், இருமும், மூச்சு வாங்கும், சில சமயம் அப்படியே படுத்துவிடும். மழை பெய்தால் எழும்பவே எழும்பாது. எழும்பிவிட்டாலோ டெலிபோன் செத்துப்போகும். போன் பேச வந்தவர்கள் படிக்கட்டில் நின்று என்னைத் திட்டுவார்கள்.

மகளின் மின்னஞ்சல் திறக்கும் வரை ஐயா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். ஒருநாள் அந்தப் பெண், கனடாவில் வீட்டிலேயே இன்டர்நெட் வைத்திருப்பதாகவும், மாதத்துக்கு ஒரே தொகை கட்டிவிட்டால் எவ்வளவு நேரமும் பாவிக்கலாம் என்றும் எழுதிவிட்டாள். இங்கேயோ டெலிபோனுக்கு நிமிடத்துக்கு ஒரு பில், இன்டர்நெட்டுக்கு மணித்தியாலத்துக்கு ஒரு பில். ஒரே தண்ணீருக்குக் கிணற்றுக்கும் கயிற்றுக்கும் தனித்தனியாகக் கட்டுகிற கதை. நான் அதைச் சொல்லிப் பார்த்தேன். அவர் கேட்கிற ஆளா? என் மோடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு மிகவும் ஆறுதலான குரலில் சொன்னார்:

"பிள்ளை, அங்கை இது குழாய்த்தண்ணி மாதிரித் திறந்தபடி கிடக்குமாம். நீர் இஞ்சை இன்னும் வாளியிலை அள்ளிக்கொண்டிருக்கிறீர்."

கட்டுநாயக்காவில் தட்டுப்பட்டது

அதற்குப் பிறகு என் கடையில் எல்லாருக்கும் ஒரு நாடு இருந்தது. இத்தாலிக்குப் போன மருமகன் வீட்டில் இத்தனை, லண்டனில் அத்தனை, தோஹாவில் கம்பெனிக்காரனே கொடுக்கிறான். எங்கே எவ்வளவு வேகம், எவ்வளவு விலை என்பது வாய்வழியாக எனக்கு வந்துகொண்டே இருந்தது. ஒருவராவது நல்லெண்ணத்தோடு சொன்னதில்லை. எல்லாம் நான் கேட்கும் காசு அதிகம் என்பதற்கான சாட்சிகள்.

தோஹாவிலிருந்து லீவில் வந்த ஒருவர் பேச்சோடு நிற்கவில்லை. பசறைப் பக்கத்துத் தோட்டத்து ஆள். டீவி, அயன்பெட்டி, கம்பளி இவற்றோடு, அங்கே அறையில் பாவித்த இன்டர்நெட் பெட்டியையும் துவாயில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். இதை உங்கள் லைனில் மாட்டுங்கள், பதுளையே பார்த்து வாயைப் பிளக்கும் என்றார். வேகம் பெட்டிக்குள் இல்லை, வருகிற வயரில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரிந்த மட்டும் விளக்கினேன். அவர் நம்பவில்லை. மாட்டினோம். ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது, அவ்வளவுதான். அவர் பெட்டியைக் கையில் எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தார். திரும்பவும் துவாயில் சுற்றும்போது முகத்தில் அப்படி ஒரு துக்கம்.

"அங்க பறந்த பெட்டிங்க இது. கட்டுநாயக்கா ஏர்போர்ட்டுல சாமான் இறக்கும்போது தட்டுப்பட்டிருக்கும்."

தண்ணிக்குக் கழிக்கிறது

புஷ்பத்தை அப்போதுதான் எனக்குத் தெரியவந்தது. ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். கல்யாணமாகி ஒரு வருடம் முடியுமுன் புருஷன் ராஜேந்திரன் கொரியாவில் ஒரு தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டான். லயத்து வரிசை வீடுகளில் போன் கிடையாது. அங்கிருந்து போன் கார்ட் போட்டுப் பேசினால் சம்பளம் கரைகிறது, ரூமில் வாடகையோடு இன்டர்நெட் இருக்கிறது, நீ டவுனுக்கு வந்து கடையில் உட்கார்ந்தால் எனக்குச் செலவே இல்லை என்று சொல்லியிருந்தான். அவனுக்குச் செலவில்லை என்பது உண்மைதான். அவளுக்கு ஒரு தடவை வந்து பேசிவிட்டுப் போனால் பஸ்ஸுக்கும் கடைக்குமாக அரைப் பேர் போய்விடும், அதாவது பாதி நாள் சம்பளம்.

கேமரா வாங்கி மாட்டியிருந்த புதுசு அது. மோடத்தின் மேல் ஐம்பத்தாறு என்று எழுதியிருந்தது. அது என்ன கணக்கு என்று கேட்டாள். வேகம் என்றேன். அப்படியானால் ஏன் படம் இப்படி நொண்டுகிறது என்று கேட்டாள். எழுதியிருப்பது ஐம்பத்தாறு, லைனில் இரைச்சல் இருப்பதால் நமக்கு வருவது அதில் பாதிகூட இல்லை என்றேன். பக்கத்து அறையில் சிவபாதம் ஐயா இது பெரிய அநியாயம், மேலிடத்துக்கு எழுதவேண்டும் என்று கொதித்தார். புஷ்பம் அதிசயப்படவே இல்லை. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் பக்கம் திரும்பிச் சொன்னாள்:

"எங்க கொழுந்தும் அப்படித்தாங்க ஐயா. தராசுல ஒன்னு காட்டும், தண்ணிக்கு, சாக்குக்குன்னு கழிச்சிட்டுத்தான் கணக்கப்புள்ள பேரு போடுவாரு."

நெற்றியில் திருநீறு

அடுத்த ஞாயிற்றுக்கிழமை புஷ்பம் மாமியாரையும் கூட்டிவந்தாள். மாமியார் தீபாவளிச் சேலை கட்டி, எண்ணெய் வைத்துப் படிய வாரி, கோயில் திருநீற்றைத் தாளில் மடித்து எடுத்துவந்திருந்தார். மகன் திரையில் தீப்பெட்டி அளவில் வந்தான். அம்மா என்றான். அந்த இடத்திலேயே படம் நின்றுபோயிற்று. குரலும் அறுந்தது. வெளியே மழை பிடித்துக்கொண்டது. நான் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தேன், மோடம் அசையவில்லை.

மாமியாருக்கு அதெல்லாம் தெரியவில்லை. பிள்ளை வாயைத் திறந்தபடி, தான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்றே நினைத்தார். மாடு கன்று போட்டது, கூரைத் தகரம் ஒழுகுவது, மழையில் நனையாதே, எல்லாவற்றையும் நின்றுபோன படத்திடம் நிதானமாகச் சொல்லி முடித்தார். புஷ்பம் என்னைப் பார்த்தாள். நானும் பேசாமல் இருந்துவிட்டேன். கடைசியில் அவர் திருநீற்றை எடுத்துத் திரையில் மகனின் நெற்றியில் பூசினார். ஈரக் கை, நன்றாக ஒட்டிக்கொண்டது. அவர்கள் எழுந்ததும் நான் பழக்கதோஷத்தில் துணியை எடுத்தேன். படிக்கட்டில் இறங்கப் போனவர் திரும்பினார்.

"தொடைக்காதீங்கம்மா. புள்ளைக்கு அங்க காய்ச்சலாம்."

யோசிக்கிறவள்

உண்மையான தொல்லை இதற்குப் பிறகுதான் தொடங்கியது. நல்ல வெயில் நாளில் லைன் ஒத்துழைத்தால் படமும் குரலும் ஓரளவு வரும். ஆனால் சுணங்கி வரும். ராஜேந்திரன் கேட்பான். புஷ்பம் உடனே சொல்வாள். அந்தச் சொல் இந்த மலைகளையெல்லாம் இறங்கிக் கொழும்புக்குப் போய், கடல் தாண்டி அவன் காதில் விழுவதற்குள் அவன் கொட்டாவி விட்டு முடித்திருப்பான். இதை நான் பக்கத்தில் நின்று பார்த்ததால் எனக்குத் தெரியும். அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: கேள்வி கேட்டால் இவள் பேசாமல் இருக்கிறாள், பிறகு ஒரு பதில் வருகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெள்ளிக்கிழமை டவுனுக்குத் தனியாக வந்தாயாமே என்று கேட்டான். அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் மருந்து எடுக்க வந்தேன் என்று அவன் வாய் மூடுமுன் இவள் சொல்லிவிட்டாள். அந்தப் பக்கம் அமைதி. அந்த நேரம் பார்த்து சிவபாதம் ஐயா பக்கத்து அறையில் இருமினார், புஷ்பம் சும்மா அந்தப் பக்கம் திரும்பினாள். படம் அப்படியே நின்றுவிட்டது. இப்போது கொரியாவில் அவன் பார்ப்பது என்ன? கேள்வி கேட்டதும் மனைவி யாரோ ஒருவர் பக்கம் கண்ணைத் திருப்பி வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள், ஓர் ஆணின் இருமல் கேட்கிறது.

யார் அது என்று கேட்டான். கச்சேரி ஐயா என்றாள். அதுவும் போய்ச் சேர நேரமெடுத்தது. அவன் அறையில் இன்னொரு இலங்கைப் பையன் இருந்தானாம். அவன் மனைவி கொழும்பில், வீட்டுக்கே வேகமான லைன் எடுத்திருக்கிறாளாம். ஒலிபெருக்கியில் ராஜேந்திரன் சொன்னது கடை முழுக்கக் கேட்டது. புஷ்பம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவன் பொண்டாட்டி கேட்ட வாயோட பதில் சொல்றா. நீ ஒவ்வொன்னுக்கும் இவ்வளவு நேரம் யோசிச்சா, சொல்றது உண்மையா இருக்குமா?"

எல்லாம் முடிகிற இடம்

நான் டெலிபோன் ஆபீசுக்கு நடையாய் நடந்தேன். கொழும்பில் கொடுக்கிற வேகமான லைனை எங்களுக்கும் கொடுங்கள், எவ்வளவு விலையானாலும் கட்டுகிறேன் என்று சொன்னேன். கட்டியிருக்க முடியாது, அது வேறு விஷயம். அவர்கள் பணிவாகக் கேட்டுக்கொண்டு ஒரு லைன்மேனை அனுப்பினார்கள். சிங்களவர், பதுளையிலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். கம்பத்தில் ஏறினார், இறங்கினார். புடவைக் கடைக்குப் பின்னால் வயரில் தொங்கிய காய்ந்த கொடியை வெட்டி எறிந்தார். மோடம் அன்று கொஞ்சம் சந்தோஷமாகக் கத்தியது.

தேநீர் குடித்துக்கொண்டே அவரும் நாடுகளை ஒப்பிட்டார். கொழும்புக்கு வந்துவிட்டது, அடுத்து கண்டி, அதற்கடுத்து எது என்று தெரியாது. பதுளைக்கு எப்போது என்று கேட்டேன். அவர் ஜன்னல் வழியாக ஸ்டேஷன் பக்கம் கையைக் காட்டினார்.

"மிஸ், ரயில் பாதையும் இங்கதானே முடியிறது. எங்களுக்கு எல்லாம் கடைசியாத்தானே வரும்."

ஒடிட் கேள்விகள்

இருமியது தான்தான் என்ற குற்ற உணர்வு சிவபாதம் ஐயாவைத் தின்றது. ஒரு புதன்கிழமை முகம் மலர்ந்து வந்தார். கச்சேரிக்குக் கணக்குப் பரிசோதிக்க ஒடிட்காரர் வரும்போது, அவர்கள் என்ன கேட்பார்கள் என்று தெரியுமாதலால், கேட்குமுன்பே பதிலை எழுதி முன்னால் வைத்துவிடுவார்களாம். ராஜேந்திரனும் ஒவ்வொரு வாரமும் ஒரே வரிசையில்தானே கேட்கிறான்? சாப்பிட்டாயா, அம்மா எப்படி, தோட்டத்தில் வேலை இருக்கிறதா, அனுப்பிய காசு வந்ததா. இவள் ஒவ்வொரு பதிலையும் ஒரு கேள்வி முந்திச் சொல்லட்டும். கேள்வி முடியும் நேரம் பதில் போய் நிற்கும். கொரியாக்காரன் அசந்துபோவான்.

எனக்கு இது சரியாகப் படவில்லை. ஆனால் புஷ்பத்தின் முகத்தில் அத்தனை நம்பிக்கையைப் பார்த்துவிட்டு யாரால் வேண்டாம் என்று சொல்லமுடியும்? முதல் ஞாயிற்றுக்கிழமை அது பலித்தே விட்டது. கேட்கக் கேட்க மழை மாதிரிப் பதில் விழுந்தது. அவன் சிரித்தான். இப்போதுதான் நீ பழைய மாதிரிப் பேசுகிறாய் என்றான். புஷ்பம் அன்று படிக்கட்டில் இரண்டு இரண்டாக இறங்கிப் போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் மனம் இளகி இருந்தான் போலிருக்கிறது. சாப்பாடு, அம்மா, தோட்டம் மூன்றையும் கேட்டான். நாலாவதாகக் காசைக் கேட்கவில்லை. குரலைத் தாழ்த்தி, நான் உன்னைச் சந்தேகப்பட்டுவிட்டேன், இன்னும் என்மேல் உனக்குப் பாசம் இருக்கிறதா என்று கேட்டான். கேட்டு முடித்த அந்த நொடியில், இவள் காசுக்கென்று முந்தியே அனுப்பிய பதில் போய்ச் சேர்ந்தது. இன்னும் வரலீங்க. அவ்வளவு வேகமான பதில் அவன் வாழ்க்கையில் அவளிடமிருந்து வந்ததே இல்லை. திரையில் அவன் முகம் ஒரு கணம் தெரிந்தது, பிறகு இல்லை. புஷ்பம் வாயில் கைவைத்துக்கொண்டாள். சிவபாதம் ஐயா வெளிறிப்போய் எழுந்து நின்றார்.

"ஒடிட்காரரிட்டை இது ஒருநாளும் பிழைச்சதில்லை, பிள்ளை."

உடந்தை

அதற்குப் பிறகு பல வாரம் அவன் வரவில்லை. புஷ்பம் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து, சாயங்கால பஸ் வரைக்கும் உட்கார்ந்திருப்பாள். நான் கம்ப்யூட்டரைப் போட்டு வைப்பேன். காசு வாங்க எனக்கு மனமில்லை, வாங்காமல் போக அவளுக்கு மனமில்லை. அவன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த சின்ன விளக்கு பச்சையாகவே இல்லை.

நானே உட்கார்ந்து அவனுக்கு நீளமாக எழுதினேன். எங்கள் லைன் மெதுவானது, உங்கள் நாட்டில் இருப்பது வேறு, இங்கே சொன்ன சொல் அங்கே வந்துசேர நேரமெடுக்கிறது, அன்று நடந்தது கிழவர் ஒருவரின் கோமாளித்தனம், அவள்மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி முடிக்க விரல் நோவெடுத்தது. மறுநாள் ஒரே வரியில் பதில் வந்தது. படித்ததும் எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. நேரில் பார்த்திராத ஒருவனின் வாயால் கெட்ட பெயர் வாங்கவா நான் கடை திறந்தேன்?

"என் ரூம்ல எல்லாருக்கும் உடனே பேசுது, கடைக்காரியும் இதுக்கு உடந்தைன்னு எனக்குத் தெரியும்."

கொஸ்லந்தைக்குப் போகும் பஸ்

பிறகு அவன் தோட்டத்து ஆபீசுக்குப் போன் எடுத்து அம்மாவைக் கூப்பிட்டான். புஷ்பத்தை அவள் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடு, நான் லீவில் வந்து இரண்டு பக்கத்துப் பெரியவர்களையும் வைத்துப் பேசித் தீர்த்துவிடுகிறேன் என்றான். தீர்ப்பது என்றால் கல்யாணத்தை அறுத்துவிடுவது என்று எல்லாருக்கும் தெரியும். மாமியார் அழுதாராம். அவள் பக்கத்திலேயே இருந்தேனடா என்று சொன்னாராம். நீ வெள்ளை மனசு, உனக்கு ஒன்றும் தெரியாது என்றானாம்.

தாய்வீடு கொஸ்லந்தையில். அந்த பஸ் பதுளையிலிருந்துதான் போகும். புஷ்பம் ஒரு துணிப்பையோடு கடைக்கு ஏறிவந்தாள். சொல்லிக்கொண்டு போக வந்தேன் என்றாள். நான் தேநீர் ஊற்றினேன், அவள் குடிக்கவில்லை. மூன்று கம்ப்யூட்டரையும் ஒரு தடவை பார்த்தாள். பையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்ட பிறகு கேட்டாள்:

"கொஸ்லந்தைல இதைவிட வேகமான கடை இருக்குமாக்கா?"

வந்து சேர்ந்தது

ராஜேந்திரன் சொன்னபடியே லீவில் வந்தான். பெரியவர்கள் கூடுவதற்கு முந்தின நாள், தாயையும் புஷ்பத்தையும் கூட்டிக்கொண்டு என் கடைக்கு வந்தான். புஷ்பம் கொஸ்லந்தையிலிருந்து அண்ணனோடு வந்திருந்தாள். அண்ணன் கீழே புடவைக் கடை வாசலிலேயே நின்றுகொண்டான். திரையில் தீப்பெட்டி அளவில் பார்த்த ஆள் நேரில் உயரமாக, களைத்துப்போய் இருந்தான். இவளோடு கடைக்கு யார் வந்தார்கள் என்று என்னிடமே கேட்டான். உங்கள் அம்மா வந்தார், வேறு யாரும் இல்லை என்றேன். இருமிய ஆளைக் காட்டட்டுமா என்றும் கேட்டேன். சிவபாதம் ஐயா அவராகவே கதிரையை விட்டு எழுந்து இருமிக் காட்டினார். அது சந்தேகத்தை இன்னும் கிளப்பியது.

விஷயம் ஒரு நாளில் தீராது என்று அவனுக்குப் பட்டிருக்க வேண்டும். தொழிற்சாலை மேலாளரிடம் இன்னும் சில நாள் லீவு கேட்க வேண்டும், லைனைப் போடுங்கள் என்றான். போட்டேன். நல்ல காலம் வெயில் இருந்தது. மேலாளர் தன் மேசையிலிருந்து திரையில் வந்தார். ராஜேந்திரன் கொரிய பாஷையில் பேசினான். அவர் ஏதோ கேட்டார், இவன் உடனே சொன்னான். அவர் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதையே திரும்பக் கேட்டார். இவன் திரும்பச் சொன்னபோது முதலில் சொன்னது அங்கே போய்ச் சேர்ந்து, அவர் மூன்றாவதாக வேறொன்று கேட்டுவிட்டார். கேள்வியும் பதிலும் குறுக்கும் நெடுக்குமாக மாட்டிக்கொண்டன. அவர் குரல் உயர்ந்தது. இவன் நெற்றியில் வேர்வை. திரையோடு முகத்தை ஒட்டிவைத்துக்கொண்டு கத்தினான். கத்தினால் மட்டும் சீக்கிரம் போகுமா? மேலாளர் கையை வீசிவிட்டுப் போய்விட்டார்.

அவர் என்ன சொன்னார் என்று மாமியார் கேட்டார். ஒவ்வொரு கேள்விக்கும் இப்படி யோசித்து யோசித்துப் பதில் சொல்கிறாயே, திரும்பி வர உத்தேசமில்லை என்றால் நேராகச் சொல், பொய் ஜோடிக்காதே என்றாராம். அதைத் தமிழில் சொல்லி முடிக்கும்போது அவன் குரல் உடைந்தது. எப்போதுமே இப்படித்தானா என்று என்னைக் கேட்டான். நீளமாக எழுதினேனே, படித்தாயா என்று மட்டும் கேட்டேன். அவன் புஷ்பத்தைப் பார்த்தான். அவள் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். சத்தம் போடாமல் சொன்னாள்.

"நான் யோசிக்கலீங்க. நீங்க கேட்டதுமே சொல்லிட்டேன். அது வந்து சேர்ற வரைக்கும் நீங்கதான் பொறுக்கல."

பெரியவர்கள் கூடவில்லை. அண்ணன் மட்டும் கொஸ்லந்தை பஸ்ஸில் போனான், மற்ற மூவரும் ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் ஏறினார்கள். ராஜேந்திரன் திரும்பிப் போய் மேலாளரிடம் நேரில் ஏச்சு வாங்கி வேலையைக் காப்பாற்றிக்கொண்டான். அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு திரையில் உட்கார்ந்திருப்பான். புஷ்பம் சில நாட்களில் வேண்டுமென்றே கொஞ்சம் தாமதித்துச் சொல்வாள், அது எனக்குத் தெரியும், நான் கண்டுகொள்வதில்லை. சில வருடங்கள் கழித்துப் பதுளைக்கும் வேகமான லைன் வந்தது. வந்த கையோடு வசதியுள்ளவர்கள் வீட்டுக்கே எடுத்துக்கொண்டார்கள், என் படிக்கட்டில் ஏற ஆளில்லை. சிவபாதம் ஐயா மட்டும் பழையபடி வந்து, கனடாவில் இப்போது இதைவிட வேகமாம் என்று சொல்லிவிட்டுப் போவார்.

இத்தனை நாட்டு வேகத்தையும் விலையையும் கேட்டுக் கேட்டு நான் கண்டது இவ்வளவுதான்: வேகமான நாட்டில் இருப்பவருக்குப் பொறுமை குறைவு, மெதுவான ஊரில் இருப்பவருக்குக் கெட்ட பெயர் அதிகம், இரண்டு பேருக்கும் நடுவில் கடை போட்டு உட்கார்ந்தவளுக்கு இடுப்பு வலிதான் மிச்சம்.